திரும்பும் படிக்கட்டுக்கு ரன்னர் விரித்த வேலை

படிகளின் நடுவில் மட்டும் கீழிருந்து மேல்வரை ஓடும் நீள விரிப்புக்கு ரன்னர் என்று பெயர். நேராக ஏறும் மாடிப்படிக்கு அதை விரிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு படியை ஒழுங்காகச் செய்து பழகிவிட்டால் மற்றவை அதன் மறுபதிப்புதான். படிக்கட்டு திரும்புகிற இடத்தில்தான் வேலையே இருக்கிறது. தறியிலிருந்து வருகிற விரிப்பு நேராகத்தான் வரும், தானாக வளையாது. அதைத் திருப்ப வேண்டுமானால் மிச்சத்தை மடித்து மறைக்க வேண்டும், இல்லையென்றால் வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நான் வெட்டினேன். அதற்கான காரணங்களையும் அளவுகளையும் விவரமாக எழுதிவைக்கிறேன்.

வீடு கிழக்கு லண்டனில் இருக்கிற பழைய வரிசை வீடு. விக்டோரியா காலத்தின் கடைசியில் இந்த ஊரில் தெருத்தெருவாகக் கட்டிய வகை. முன்கதவைத் திறந்தால் குறுகிய நடை, நடையின் முடிவில் செங்குத்தான மரப்படி, மேலே போய் இடதுபுறம் திரும்பினால் மாடி. மொத்தம் 13 ஏற்றம். கீழே 9 படி நேர், அதற்கு மேல் 3 படி திருப்பம், கடைசி ஏற்றம் மாடித் தரையில் போய் முடிகிறது. ஒவ்வொரு ஏற்றமும் 19 செ.மீ., நேர்ப்படியின் ஆழம் 22.5 செ.மீ., படிக்கட்டின் அகலம் 80 செ.மீ. வீட்டு மாடிப்படியின் சரிவு 42 பாகையைத் தாண்டக் கூடாது என்பது இங்கிலாந்தின் இன்றைய கட்டட விதி. எங்கள் படி 40 பாகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. விதி வருவதற்கு வெகுகாலம் முன்பே கட்டிய படிக்கட்டுக்கு இது நல்ல கணக்குதான்.

முன்பு சுவரோடு சுவராக ஒட்டியிருந்த பழைய நைலான் கார்ப்பெட்டைப் பிய்த்து எடுத்துவிட்டோம். அடியில் இருந்த மரம் நன்றாகவே இருந்தது. ஆனால் வெறும் மரத்தில் காலுறையோடு இறங்குவது ஆபத்து. குளிர்காலத்தில் இந்த ஊரில் காலுறை இல்லாமல் வீட்டுக்குள் யாரும் நடப்பதில்லை. மரமும் தெரிய வேண்டும், காலும் வழுக்கக் கூடாது. அதற்கு ரன்னர்தான் சரி.

கால் எங்கே விழுகிறது

கடைக்குப் போவதற்கு முன்பு செய்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது. கலர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் வழக்கம்போல ஏறி இறங்கச் சொன்னேன். திருப்பத்தில் அவர்கள் கால் வைத்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். ஏறும்போது ஒரு நிறம், இறங்கும்போது வேறு நிறம்.

ஏறும்போது எல்லார் காலும் ஏறக்குறைய நடுவில்தான் விழுந்தது. இறங்கும்போது நானும் என் மனைவியும் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி இறங்குகிறோம், அங்கேதான் படி அகலமாக இருக்கிறது. அத்தை மட்டும் உள்பக்கம் இறங்கினார். அந்தப் பக்கம் படி குறுகிக் குறுகி, திருப்பத்தின் உள்மூலையில் நிற்கும் தூணை நெருங்கும்போது பாதிப் பாதம்கூட நிற்காது. அவருக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“கம்பி அந்தப் பக்கந்தானே இருக்கு மாப்பிள்ள. கம்பியப் பிடிச்சா கால் வைக்க எடமில்ல, காலுக்கு எடம் பாத்தா கைக்குப் பிடி இல்ல” என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கைப்பிடி உள்பக்கம் இருக்கிற வரைக்கும் எவ்வளவு நல்ல ரன்னர் விரித்தாலும் அவர் குறுகிய முனையில்தான் இறங்குவார், அதுவும் ரன்னருக்கு வெளியே வெறும் மரத்தில் கால் வைத்து. ஆகவே வெளிப்பக்கச் சுவரில் இரண்டாவது கைப்பிடி போடுவது வேலைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

படிக்கட்டின் கணக்கும் சாக்பீஸ் கோட்டைத்தான் ஆமோதித்தது. 90 பாகைத் திருப்பத்தை மூன்று படிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் ஒரு படிக்குச் சுமார் 30 பாகை. தூணிலிருந்து 10 செ.மீ. தள்ளி அளந்தால் படியின் ஆழம் 6 செ.மீ.கூட இல்லை. 70 செ.மீ. தள்ளி அளந்தால் 40. நடுவில், அதாவது 40 செ.மீ. தூரத்தில், வளைவாக அளந்தால் 21 வருகிறது. நேர்ப்படியின் ஆழம் 22.5 என்பதை நினைத்துப் பாருங்கள். நடுக்கோட்டில் நடக்கிறவரின் கால், திருப்பம் வந்ததை ஏறக்குறைய உணரவே உணராது. பழைய தச்சர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். இன்றைய விதியும், ஒரு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள படிக்கட்டில் திருப்பப் படியின் ஆழத்தை நடுக்கோட்டில்தான் அளக்கச் சொல்கிறது.

60 செ.மீ. அகல ரன்னர் என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் 10 செ.மீ. மரம் தெரியும். திருப்பத்திலும் ரன்னரின் உள் ஓரம் தூணிலிருந்து 10 செ.மீ., வெளி ஓரம் 70 செ.மீ. என்று ஒரே தூரத்தில் போக வேண்டும். அப்போதுதான் அதன் நடு, கால் நடக்கிற கோட்டின் மேல் விழும்.

பழைய ரன்னரின் தடம்

கார்ப்பெட்டை எடுத்தபோது படிகளின் இரண்டு ஓரமும் கருத்த பழுப்பு வார்னிஷ், நடுவில் பூச்சே இல்லாத வெறும் மரம். அந்தக் காலத்தில் ரன்னர் எப்படியும் நடுவை மூடிவிடும் என்பதால் ஓரத்துக்கு மட்டுமே வண்ணம் பூசுவார்கள். வண்ணமும் வார்னிஷும் காசு ஆயிற்றே. ஒவ்வொரு படியின் உள் இடுக்கிலும் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஸ்க்ரூ ஓட்டைகள், இடையில் சுமார் 70 செ.மீ. விரிப்பை இடுக்கில் அழுத்திப் பிடிக்கும் பித்தளைக் கம்பியைத் தாங்கிய வளையங்கள் இருந்த இடம் அது. அப்படியானால் இங்கே விரித்திருந்தது 27 அங்குல விரிப்பாக இருக்க வேண்டும். முக்கால் கெஜம், அதாவது 68.5 செ.மீ. வில்டன் மாதிரியான விரிப்புகளை நெய்த பழைய தறிகளின் வழக்கமான அகலம் அதுதான்.

அந்தக் கம்பிகள் அழகுக்கு மட்டும் இல்லை. விரிப்பு வாங்கும்போதே கொஞ்சம் நீளம் கூட வாங்கி, மேலேயோ கீழேயோ மடித்து வைப்பார்கள். படியின் முன் விளிம்பில் விரிப்பு தேயத் தொடங்கியதும் கம்பிகளை உருவி, முழு விரிப்பையும் சில அங்குலம் நகர்த்தி, மறுபடியும் கம்பியைச் செருகிவிடுவார்கள். தேய்ந்த இடம் உள்ளே போய்விடும், புது இடம் விளிம்புக்கு வரும். கம்பளத்துக்குக் கொடுத்த மரியாதை அது, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இப்போதும் சிலர் பித்தளைக் கம்பி வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் அடியில் ஆணிப்பட்டை (விரிப்பைப் பிடிக்கும் முள் பட்டை) போட்டு இறுக்கிய பிறகு வைக்கிற கம்பி அலங்காரம் மட்டும்தான்.

மரத்தைத் தயார் செய்தது

பழைய வண்ணத்தில் கை வைக்கும் முன் ஈயப் பரிசோதனை செய்வது கட்டாயம். இங்கே 1960-கள் வரை வீட்டு வண்ணங்களில் ஈயம் சாதாரணமாக இருந்தது. பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1992-இல்தான் வந்தது. கடையில் கிடைக்கிற சோதனைக் குச்சியைச் சுரண்டிய இடத்தில் தேய்த்தேன், சிவந்துவிட்டது. ஈயம் இருக்கிறது. அப்படியென்றால் உலர்ந்த உப்புத்தாளோ மெஷினோ கூடவே கூடாது, தூசி வீடு முழுக்கப் பரவிவிடும். தண்ணீர் படும் உப்புத்தாளை நனைத்து நனைத்து மேலோட்டமாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் தாளையும் பையில் கட்டிப் போட்டேன். வாயில் எஃப்எஃப்பி3 முகக்கவசம். குழந்தைகளை அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டோம். முழுப் பூச்சையும் உரித்து எடுக்கும் எண்ணமே வைக்கவில்லை. உறுதியாக ஒட்டியிருக்கிற பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு அடித்து மூடுவதுதான் பாதுகாப்பு.

அப்புறம் கிறீச் சத்தம். ரன்னர் விரித்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது, இப்போதே செய்துவிட வேண்டும். நல்ல வேளையாகப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அலமாரி அறை இருக்கிறது, அங்கிருந்து படிகளின் அடிப்பக்கம் தெரியும். மிதிபலகையும் நிற்கும் பலகையும் இரண்டு ஓரத்திலும் பக்கப் பலகையின் காடியில் உட்கார்ந்து, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கும். நூறு வருடம் மரம் உலர்ந்து சுருங்கினால் ஆப்பு தளரும், பலகை ஆடும், சத்தம் வரும். மேலே ஒருவர் ஏறி இறங்க, கீழே நான் டார்ச் அடித்துப் பார்த்து ஆடுகிற ஆப்புகளில் குறியிட்டேன். அவற்றை வெளியே எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, பிவிஏ பசை தடவி மறுபடி அடித்தேன். இரண்டு பலகையும் சேரும் மூலையில் முக்கோணக் கட்டைகளைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்தினேன். திருப்பப் படிகளின் அடிப்பக்கம் பூச்சுச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, கீழிருந்து எட்டாது. அங்கே மட்டும் மேலிருந்து மிதிபலகை வழியாக நிற்கும் பலகையின் தலைக்குள் நீளமான ஸ்க்ரூ இறக்கி, தலையை மரத்துக்குள் புதைத்தேன். ரன்னர் வந்து மூடப்போகிற இடமாகப் பார்த்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது.

கைப்பிடிக்கு வழவழப்பான உருண்டைப் பைன் கட்டை வாங்கினேன். படி விளிம்பிலிருந்து செங்குத்தாக அளந்து 90 செ.மீ. உயரம். விதி 90 முதல் 100 வரை என்கிறது. அத்தையை நிற்க வைத்துப் பார்த்ததில் 90 அவருக்கு வாகாக இருந்தது. சுவரின் மேல்பூச்சு பழைய சுண்ணாம்பு, தட்டினால் உதிர்கிறது. ஆகவே ஸ்க்ரூ பூச்சைத் தாண்டி உள்ளே செங்கல்லில் போய்ப் பிடிக்கிற நீளத்தில் இருக்க வேண்டும். திருப்பத்தின் மூலையில் இரண்டு கட்டைகளையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தேன். கை நடுவில் விடுபடாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக அந்த இணைப்பில் நிறைய நேரம் செலவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டிப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கை சொல்லிவிடும்.

விரிப்பும் நீளக் கணக்கும்

கம்பளி நூலில் தட்டையாக நெய்த, சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள ரன்னர் எடுத்தேன். மேலே முடி நிற்கிற ரகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கையால் தடவினால் முடி படுகிற திசை கீழ்நோக்கி இருக்க வேண்டும், வெட்டுகிற எல்லாத் துண்டிலும் அதே திசை. என்னுடையதில் அந்தச் சிக்கல் இல்லை. கோடு போட்ட ரகம் வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருந்தேன். திருப்பத்தில் ஓரத்தை வெட்டப்போகிறோம் என்றால் ஓரக்கோடு போய்விடும். சின்ன மீன்முள் நெசவு, ஒரே நிறம்.

நேர்ப்படி ஒன்றுக்கு எவ்வளவு நீளம் தேவை? மிதிபலகை, முன்னால் நீட்டியிருக்கும் மூக்கோடு சேர்த்து 24.5. மூக்கின் தடிமன் 2.5. மூக்குக்கு அடியில் உள்ளே திரும்ப 2. நிற்கும் பலகையில் மிச்சம் 16.5. விரிப்புக்கு அடியில் போடும் மெத்தையான அண்டர்லேயின் தடிமன் இழுத்துக்கொள்வது 1.5. ஆக 47 செ.மீ. ஒன்பது படிக்கு 4.23 மீட்டர். திருப்பப் படிக்குத் துண்டு ஒன்று 65 செ.மீ. வைத்து 1.95 மீட்டர். மேல் ஏற்றத்துக்கு 30 செ.மீ. கூட்டினால் 6.48. நான் 7.5 மீட்டர் வாங்கினேன்.

ஆணிப்பட்டை என்பது முள் முளைத்த மெல்லிய மரப்பட்டை, இங்கே கிரிப்பர் என்பார்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு. ஒன்று மிதிபலகையின் பின்னால், முள் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று நிற்கும் பலகையின் அடியில், முள் கீழே பார்த்திருக்க வேண்டும். அதாவது இரண்டின் முள்ளும் இடுக்கையே பார்க்கும். இரண்டுக்கும் இடுக்கிலிருந்து 10 மி.மீ. இடைவெளி விட்டேன். பட்டை உளியால் விரிப்பை உள்ளே குத்திச் செருக அந்த இடம் வேண்டும். முடி அடர்ந்த தடித்த விரிப்பு என்றால் இடைவெளி இன்னும் கூடும். பட்டையின் நீளம் 56 செ.மீ., ரன்னரைவிட இரண்டு பக்கமும் 2 செ.மீ. குறைவு. ஓரம் வரைக்கும் பட்டை போட்டால் வெறுங்காலில் நடக்கிற குழந்தைகளுக்கு முள் குத்தும், பக்கத்திலிருந்து பார்த்தால் மரமும் தெரியும்.

அண்டர்லேயும் 56 செ.மீ. அகலம்தான். படிக்கட்டுக்கு மெத்தென்று அமுங்குகிற ரகம் சரிப்படாது. விளிம்பில் கால் அழுத்தும்போது அது நகர்ந்தால் பாதமும் நகரும். ரப்பர் தூளை அழுத்திச் செய்த, கெட்டியான 7 மி.மீ. ரகம் போட்டேன். ஆணிப்பட்டைக்கு முன்னாலிருந்து தொடங்கி, மூக்கைச் சுற்றி, கீழே 5 செ.மீ. வரை இறக்கி ஸ்டேபிள் அடித்தேன். சில நாள் கழித்து மெத்தை நழுவி விளிம்பு வெறும் மரமாக நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மூக்கைச் சுற்றி இறக்கி அடித்தால் அந்தப் பிரச்சினை வராது.

நேர்ப்படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரங்களில் பென்சில் கோடு போட்டு, அடியிலிருந்து மேலே போனேன். இடுக்கில் செருகு, மூக்கின் அடியில் இழுத்து ஸ்டேபிள் அடி, மிதிபலகையில் பின்னால் இழுத்து முள்ளில் மாட்டு, மறுபடி இடுக்கில் செருகு. முழங்காலால் தள்ளுகிற கருவியைத் தட்டை நெசவுக்குப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் பல் ஆழமாக இறங்கினால் நூல் அறுந்துவிடும். எனக்குப் பெரும்பாலும் கையும் உளியுமே போதுமாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஓரத்தையும் அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த படிக்குப் போனேன். ஒரு படியில் 2 மி.மீ. சாய்ந்தால் ஒன்பதாவது படிக்குள் அது கண்ணில் உறுத்தும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

திருப்பம்

பழைய முறையில் ரன்னரை வெட்டவே மாட்டார்கள். ஒரே துண்டாக ஏற்றி, ஒவ்வொரு திருப்பப் படியிலும் உள்பக்கம் சேரும் மிச்சத்தை நிற்கும் பலகையின் மேல் மடித்து மறைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 செ.மீ. அகலத்துக்கு 30 பாகை திரும்பினால் உள் ஓரத்தில் சுமார் 34 செ.மீ. மிச்சம் நிற்கும். இரண்டாக மடித்தால் 17. நிற்கும் பலகையின் உயரம் 19. அதாவது கச்சிதமாக உள்ளே அடங்கிவிடும். விரிப்பு முழுசாக இருப்பதால் பின்னால் நகர்த்தலாம், வேறு படிக்கட்டுக்கும் கொண்டுபோகலாம். வாடகை வீடாக இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மடிப்பு விழுகிற இடத்தில் மூன்று அடுக்கு சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை செ.மீ. புடைத்து நிற்கும். அது குறுகிய உள்பக்கம். கால் விரலுக்கு ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் இன்னும் ஒன்றரை செ.மீ. போய்விடும். அத்தையின் சாக்பீஸ் தடத்தைப் பார்த்த பிறகு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

வெட்டுகிற முறையில் ஒவ்வொரு திருப்பப் படிக்கும் தனித்துண்டு. ஒரு துண்டு, ஒரு மிதிபலகையையும் அதற்குக் கீழே இருக்கிற நிற்கும் பலகையையும் மூடும். கீழ்த்துண்டின் மேல்விளிம்பும் மேல்துண்டின் கீழ்விளிம்பும் ஒரே இடுக்கில் போய் மறைந்துவிடும். இணைப்பு கண்ணுக்குப் படாது, காலுக்கும் படாது.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரு விதி இருக்கிறது. நெசவு நூல் படியின் முன் விளிம்புக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். மூக்கைத் தாண்டிக் கீழே விழும்போது அப்போதுதான் விரிப்பு நேராகத் தொங்கும். 15 பாகை சாய்த்து வைத்தால் 19 செ.மீ. உயரத்துக்குள் 5 செ.மீ. பக்கவாட்டில் ஓடிவிடும், பார்க்கச் சகிக்காது. சரி, செங்கோணத்தில் வைத்துவிட்டோம் என்றால் வேறொரு விஷயம் முளைக்கிறது. முன் விளிம்பில் தூணிலிருந்து 70 செ.மீ.-இல் தொடங்குகிற வெளி ஓரம், பின் இடுக்கைத் தொடும்போது 81-க்குப் போய்விடும், ஏனென்றால் பின் விளிம்பு 30 பாகை சாய்ந்திருக்கிறது. அடுத்த துண்டோ மறுபடி 70-இல் தொடங்கும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். பல வீடுகளில் ரன்னர் திருப்பத்தில் கோணலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு: மிதிபலகையில் கிடக்கிற பகுதியின் வெளி ஓரத்தை மட்டும், முன் விளிம்பில் 70-இலிருந்து பின் இடுக்கில் 70 வரை, சாய்வாக வெட்டிவிட வேண்டும். முன்னால் ஒன்றும் குறையாது, பின்னால் 9 செ.மீ. வரை போகும். நிற்கும் பலகையில் தொங்குகிற பகுதியைத் தொட வேண்டியதில்லை. உள்பக்கம் இதே கணக்கில் ஒன்றரை செ.மீ. வித்தியாசம்தான் வருகிறது. தூணின் ஓரத்தில், 6 செ.மீ. ஆழமுள்ள இடத்தில், அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு. பழைய படிக்கட்டு தாளைப் பார்த்துக் கட்டியதல்ல. கோணமானி வைத்துப் பார்த்தால் மூன்று படியும் 28, 33, 29 பாகை. மூலையில் நிற்கும் நடுப்படிதான் பெரியது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் காகித மாதிரி எடுத்தேன். அண்டர்லேயும் ஆணிப்பட்டையும் அடித்து முடித்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும், வெறும் மரத்தின் மேல் எடுத்தால் தடிமன் கணக்கில் விடுபட்டுவிடும். கெட்டியான பழுப்புக் காகிதத்தை முன் விளிம்பில் நேராக வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, பின் இடுக்கில் உளியின் மழுங்கிய முனையால் அழுத்தி மடிப்புக் கோடு எடுத்தேன். முன் விளிம்பைக் காகிதத்தின் மேல் வரைந்து, அதற்குச் செங்கோணமாக ஒரு நடுக்கோடு. பிறகு தூணிலிருந்து 10, 70 என்று இரண்டு விளிம்பிலும் புள்ளி. படியின் எண்ணும் ‘மேல்பக்கம்’ என்ற சொல்லும் எழுதினேன். திருப்பிப் போட்டு வெட்டினால் இடது திருப்பம் வலது திருப்பமாகிவிடும்.

காகிதத்தை வெட்டிப் படியில் வைத்து, மூன்றும் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தைப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் திருத்தி, மறுபடி வைத்துப் பார்த்தேன். மூன்று காகிதமும் கிடக்க, மாடியிலிருந்து கீழே பார்த்தபோது வெளி ஓரம் உடையாத வளைவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

விரிப்பில் காகிதத்தின் நடுக்கோட்டை ஒரு நெசவு நூலின் மேல் சரியாகப் பொருத்த வேண்டும். வெட்டப்போகிற கோட்டின் மேல் மறைப்பு டேப்பை ஒட்டி, டேப்பின் மேலேயே கோடு போட்டு, புது பிளேடால் டேப்போடு சேர்த்து வெட்டினால் நூல் பிரியாது. இடுக்கில் செருக மேலேயும் கீழேயும் 3 செ.மீ. கூட விட்டேன். வெட்டியதும் விளிம்பு முழுக்க லேடெக்ஸ் பசையை மெல்லியதாகத் தடவி, ஒரு இரவு காயவிட வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் நூல் முனைகள் எல்லாம் ஒன்றாகக் கட்டுப்பட்டு நிற்கும், நகத்தால் கீறினாலும் ஒன்றும் எழும்பாது.

வெட்டிய வெளி ஓரம் துண்டுக்கு 36 செ.மீ. நீளம். இதற்குப் பருத்தி நாடாவால் கரை கட்டினேன். ரன்னரின் மற்ற ஓரங்களில் இருக்கிற அதே நிற நாடாவை விரிப்போடு சேர்த்தே வாங்கி வைத்திருந்தேன். வளைந்த ஊசி, மெழுகு தடவிய நூல். மேல்பக்கம் ஒரு வரிசை தைத்து, நாடாவை விளிம்பின் மேல் மடக்கி, அடிப்பக்கம் இன்னொரு வரிசை. ஒட்டுகிற நாடாவும் கிடைக்கிறது. ஆனால் திருப்பத்தின் வெளி ஓரத்தில்தான் இறங்குகிறவர்களின் கால் உரசும், அங்கே பசையை மட்டும் நம்ப முடியாது. இந்தத் தையலை அத்தைதான் முடித்துக் கொடுத்தார். ரவிக்கைக்குக் கரை வைத்துப் பழகிய கை, என்னைவிட இரண்டு மடங்கு நெருக்கமான தையல்.

பொருத்தும்போது வரிசை முக்கியம். துண்டின் நடுக்கோட்டை விளிம்பில் குறித்த இடத்தில் வைத்து, முதலில் கீழ்விளிம்பை இடுக்கில் செருகி நிற்கும் பலகையின் முள்ளில் மாட்ட வேண்டும். அடுத்து மூக்கின் அடியில் நடுவில் ஒரு ஸ்டேபிள், அங்கிருந்து இரண்டு பக்கமும். கடைசியாக மிதிபலகை. இங்கே இழுக்கும் திசையைக் கவனிக்க வேண்டும், பின் விளிம்பு சாய்ந்திருப்பதால் அதற்கு நேராக இழுத்தால் நெசவு கோணிக்கொள்ளும். நெசவு நூல் போகிற திசையிலேயே கையால் நீவி நீவிப் பின்னால் தள்ளி முள்ளில் பதித்தேன். பிறகு உளியால் இடுக்கில் செருகி, பத்து செ.மீ.-க்கு ஒன்றாக ஸ்டேபிள் இறக்கினேன். நூலைப் பிரித்துவிட்டு அடித்தால் ஸ்டேபிளின் முதுகு நெசவுக்குள் புதைந்துவிடும். அடுத்த துண்டின் கீழ்விளிம்பு அதன் மேல் வந்து இடுக்கை மூடுகிறது.

மூலைப்படியின் முன் விளிம்பு 92 செ.மீ. நீளம். ரன்னர் 70-இல் நின்றுவிடுவதால் அங்கே வெளிப்பக்கம் 22 செ.மீ. மரம் தெரிகிறது, சுவர் மூலையை நோக்கி இன்னும் அதிகம். சிலர் இதை மறைக்க அந்தப் படியில் மட்டும் ரன்னரை வெளியே தள்ளிப் போடுவார்கள். நான் தள்ளவில்லை. அந்த மூலையில் யார் காலும் விழவில்லை என்பது சாக்பீஸில் தெரிந்தது. தள்ளினால் நடைக்கோடு நடுவிலிருந்து விலகும். அந்த மரத்தை நன்றாகத் தேய்த்து, வழுக்காத வார்னிஷ் பூசி விட்டுவிட்டேன்.

மேல் ஏற்றத்தின் துண்டை மாடித் தரையின் விளிம்புக்கு மேலே மடித்து, அங்கிருக்கிற கார்ப்பெட்டுக்கு அடியில் முடித்தேன். இறங்கத் தொடங்குகிறவரின் முதல் கால் அங்கேதான் படும், ஆகவே அந்த விளிம்பில் மட்டும் ஸ்டேபிளை நெருக்கமாக அடித்தேன்.

இப்போது அத்தை வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, ரன்னரின் நடுவில் கால் வைத்து இறங்குகிறார். இரண்டாவது வாரத்தில் எல்லா இடுக்கையும் மறுபடி உளியால் ஒரு முறை அழுத்திவிட்டேன், கம்பளி கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். தூசி உறிஞ்சும்போது சுழல்கிற பிரஷ் இல்லாத முனைதான் போட வேண்டும், பிரஷ் தட்டை நெசவின் நூலைக் கிளப்பிவிடும். மிச்சமான ஒரு மீட்டர் விரிப்பைச் சுருட்டி, மூன்று காகித மாதிரியோடு படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். திருப்பத்தில் ஒரு படி தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்ற அது போதும்.